குடத்துக்குள் வாளை

குடத்துக்குள் இருந்தது வாளை மீன் என்பது செவ்வாய்க்கிழமை வரை உலகத்தில் எழிலன் ஒருவனுக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கேபிள் இணைப்பு உள்ள அத்தனை வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது. இடைப்பட்ட இரண்டு நாட்களில் அவன் மிகவும் சந்தோஷமாக இருந்தான்.

எழிலனுக்கு வயது இருபத்திரண்டு. வீடு வியாசர்பாடி எம்.கே.பி. நகரில். பி.எஸ்ஸி. இயற்பியலை அவன் விட்டுவிட்டான். இயற்பியல்தான் இன்னும் இரண்டு பேப்பரில் அவனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ராயபுரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில் இயங்கிய 'அலை டிவி' என்ற உள்ளூர் சேனலில் எட்டு மாதமாக கிராஃபிக்ஸ் செய்துகொண்டிருந்தான். அலை டிவியில் உரிமையாளர் ஒருவர், செய்தி வாசிப்பவர் ஒருவர், கேமராமேன் ஒருவர், நேயர் விருப்பத்தில் போன் எடுத்து "டிவி சத்தத்தக் கொறைங்க" என்று சொல்பவர் ஒருவர், ஆக நால்வர் இருந்தார்கள். நால்வருக்கும் பெயர் லியாகத் அலி. ஐந்தாவது ஆள்தான் எழிலன்.

எட்டு மாதமாகியும் மகன் வேலையில் இருக்கிறான் என்பதை அவன் அப்பா குணசேகரன் ஒப்புக்கொள்ளவில்லை. குணசேகரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பாஸ் இல்லாமல் உள்ளே போகவும் முடியாத, வெளியே வரவும் முடியாத கேட் வழியாக இருபத்தாறு வருடம் போய்வந்ததில், கழுத்தில் அட்டை தொங்காத மனிதர்களை அவர் முழுதாக நம்புவதில்லை.

"வேலன்னா இன்னாடா? கய்த்துல ஒரு கார்டு இருக்கணும். கார்டுல போட்டோ இருக்கணும். போட்டோ மேல சீல் இருக்கணும். உன்னாண்ட இன்னா கீது?"

"கம்ப்யூட்டர் கீது நைனா."

"அது பாயோட கம்ப்யூட்டரு."

குணசேகரன் சும்மா பேசிவிட்டுப் போகிறவர் இல்லை. மணலி புதுநகர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சொல்லி வைத்து, போட்டோவும் சீலுமாக ஒரு கேட் பாஸே வாங்கிவிட்டார். அது பிளாஸ்டிக் உறையில் வீட்டு டிவியின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த பழைய போட்டோவில் எழிலன், யார் வீட்டுக் கோழியையோ பிடித்துவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி இருந்தான்.

"ஞாயித்துக்கெயமக்குள்ள பாயாண்ட ஒரு கார்டு வாங்கினு வா. இல்லன்னா திங்கக்கெயம காலைல இத்த மாட்டிகினு கெளம்பு," என்றார் குணசேகரன்.

எழிலன் பாயிடம் கேட்டான். பாய் என்பது லியாகத் அலி.

"தவசிமுத்து அண்ணாச்சி வாயால 'நல்லாருக்கு'ன்னு ஒரு வார்த்த வரட்டும் மாமு. அன்னிக்கே கார்டு," என்றார் பாய். "அவரு ஒத்தருக்குப் புட்ச்சிபோச்சின்னா தேரடில கீற மீதி ஆறு அண்ணாச்சியும் வெளம்பரம் குடுப்பாங்கோ. புடிக்கலன்னா ஆறு பேரும் குடுக்கமாட்டாங்கோ. எல்லாரும் திருநெல்வேலிலேர்ந்து ஒரே பஸ்ல வந்தவங்கோ."

திருவொற்றியூர் தேரடியில் 'தவசிமுத்து பாத்திரக் கடல்' ஞாயிற்றுக்கிழமை திறப்பு. மார்கழி பிறந்துவிட்டால் கடை திறக்க முடியாது என்பதால் 2005-ஆம் வருடத்துக் கார்த்திகையின் கடைசி ஞாயிறைப் பிடித்து வைத்திருந்தார் தவசிமுத்து. விளம்பரத்தில் அவர் கேட்டது ஒன்றுதான்: ஓர் எவர்சில்வர் குடம் தானாகச் சுற்ற வேண்டும், அதன் மேல் வெளிச்சம் ஓட வேண்டும்.

குடத்தைச் செய்வது எழிலனுக்குப் பெரிய வித்தை இல்லை. மென்பொருளில் குடத்தின் வெளிக்கோட்டை மட்டும் வரைவான். அதை மாஸ்க் ஆக்குவான். மாஸ்க் என்பது வேறொன்றுமில்லை, அட்டையில் குடம் வடிவத்துக்கு வெட்டிய ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் எந்தப் படத்தை வைத்தாலும் ஓட்டையளவுக்குத்தான் தெரியும். செங்கல் சுவரை வைத்தால் செங்கல் குடம், புடவையை வைத்தால் பட்டுக் குடம். பின்னால் இருக்கிற படத்தை மெல்ல நகர்த்தி, ஓரங்களைக் கொஞ்சம் இருட்டாக்கிவிட்டால், குடம் சுற்றுவதாகப் பார்க்கிறவர்கள் அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள்.

ஆகவே தேவை எவர்சில்வரின் ஒரு நல்ல போட்டோ. அங்கேதான் சிக்கல். தவசிமுத்துவின் பழைய கடையில் புதுக் குடம் ஒன்றை வைத்து எழிலன் முப்பது படம் எடுத்தான். முப்பதிலும் எழிலனே இருந்தான். கையில் கேமரா, முகத்தில் முக்கால்வாசி மூக்கு, பின்னால் வளைந்துபோன டியூப் லைட், அதற்கும் பின்னால் கொட்டாவி விடும் கடைப் பையன். எவர்சில்வருக்குச் சொந்தமாக ஒரு தோல் கிடையாது, எதிரில் நிற்பவனைத்தான் அது போர்த்திக்கொள்கிறது என்று அன்றைக்கு அவன் கண்டுபிடித்தான். இயற்பியல் தேர்வில் இதே விஷயத்துக்கு அவனுக்கு ஐந்து மதிப்பெண் போயிருந்தது.

எழிலனிடம் 'தோல்' என்றொரு கோப்புறை இருந்தது. பாயின் டிஜிட்டல் கேமராவில் கிட்டத்தில் வைத்து எடுத்த நானூறு படங்கள்: கன்டெய்னர் துரு, லாரித் தார்ப்பாய், எண்ணூர்க் கழிமுகத்தில் மிதக்கும் எண்ணெய்ப் படலம், பெயிண்ட் உரிந்த மீன்பிடிப் படகு. போன மாதம் ஒரு நகைக்கடை விளம்பரத்தில் ஜொலித்த தங்க எழுத்துகள் உண்மையில் கன்டெய்னர் துரு என்பது நகைக்கடைக்காரருக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கோப்புறையில், காசிமேட்டில் மீன் விற்கும் ரோசியக்காவின் கூடையில் எடுத்த வாளை மீன் ஒன்றும் இருந்தது. வாளைக்குச் செதில் கிடையாது. பட்டையாக, நீளமாக, தகடு அடித்த மாதிரி வெள்ளி நிறம். எழிலன் அதைக் குடத்துக்குப் பின்னால் வைத்து நகர்த்தினான்.

குடம் எவர்சில்வராகிவிட்டது. இரண்டு நிமிடம் அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மீனின் விலாவில் ஓடிய மெல்லிய கோடுகூட, குடத்தில் கடைந்த வரிபோல அத்தனை பொருத்தமாக உட்கார்ந்திருந்தது. "இன்னா மாமு, ஜபர்தஸ்தா கீது," என்றார் பாய். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு நாளைக்கு இருபது முறை குடம் சுற்றியது.

வியாழக்கிழமை நேயர் விருப்பத்தில் முதல் போன்.

"டிவி சத்தத்தக் கொறைங்க. பேரு சொல்லுங்க," என்றார் லியாகத் அலி கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி.

"ரோசி. காசிமோடு."

"இன்னா பாட்டுக்கா வோணும்?"

"பாட்டு அப்பால போடு பாய். மொதல்ல அந்தக் குடத்துக்குள்ள கீற என் வாளைய எடு."

பாயின் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. "எந்த வாளைக்கா?"

"பாத்திரக்கட வெளம்பரத்துல சுத்துதே, அது குடமா? செவுளாண்டேர்ந்து கோடு எறங்கி ஓடுது பாரு. எங்க சந்துல கைப்புள்ள கூடச் சொல்லும். மீனு என்து. உன்னாண்ட வேல செய்யுதே எயிலு, அந்தப் புள்ளதான் போட்டோ புட்ச்சிகினு போச்சி. போட்டும், வோணான்னு சொல்லல. ஆனா செவ்வாக்கெயம காட்டுனே, பொதங்கெயம காட்டுனே, இன்னிக்கும் காட்டுறே. 'இன்னா ரோசி, மூணு நாள் வாளைய இன்னும் வெச்சிகினு கீறியா'ன்னு ஏலத்துல அல்லாரும் சிரிக்கிறாளுங்கோ. ஒரு நாள் மீன மறுநாள் வித்தவ இல்ல பாய் நானு."

"சரிக்கா, பாட்டு…"

"நாளைக்கு நேர்ல வந்து பேசிக்கிறேன். பாட்டு எதுனா ஒண்ணு போடு."

அதற்குப் பிறகு வந்த பதினான்கு போன்களில் ஒருவரும் பாட்டு கேட்கவில்லை. வாளைதான் என்று பதினொரு பேர் உறுதிசெய்தார்கள். பிடிபட்டு எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. மீனின் கண் படத்தில் இல்லாததால் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று எண்ணூரிலிருந்து ஒருவர் வருத்தம் தெரிவித்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மாடிப்படியில் தவசிமுத்து ஏறி வந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மாலை, மூன்று வாரத் தாடி. இடது தோளில் புது எவர்சில்வர் குடம், வலது கையில் டிபன் கேரியர். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். விரதம் என்பதால் சாப்பாடு வீட்டிலிருந்து, சொந்தப் பாத்திரத்தில் மட்டும். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, எதிரில் வருகிற எல்லோரையும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். எழிலனின் அதிர்ஷ்டம், அது கார்த்திகை மாதம்.

"லியாகத் சாமி," என்றார் தவசிமுத்து, குடத்தை மேசைமேல் வைத்துவிட்டு. "இன்னையோட இருபத்திமூணு நாள். வீட்டுல வெங்காயம்கூட வாங்கல. ஆனா என் பேருக்கு மேல மூணு நாளா மீன் சுத்துதுன்னு ஊரே சொல்லுது. இந்தச் சாமிய நான் இப்ப என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

இந்தச் சாமி என்று அவர் காட்டியது எழிலனை.

"கடப் பேருலயே கடல் கீதே சாமி," என்றான் எழிலன்.

தவசிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் சரணம் சொல்லியது. பதினோரு சரணம். ஒவ்வொரு சரணத்துக்கும் அடியில் ஒரு திருநெல்வேலி வார்த்தை விழுங்கப்படுவது தொண்டையில் தெரிந்தது.

"அசல் குடத்தக் கொண்டாந்திருக்கேன்," என்றார் கண்ணைத் திறந்து. "இதையே படம் புடிச்சு, இதையே உள்ள வைங்க சாமி. சாயங்காலத்துக்குள்ள பாக்கணும். இல்லன்னா விளம்பரமே வேண்டாம்."

பிடித்தார்கள். அசல் குடத்துக்குள் கறுப்பாக ஒரு மலை தெரிந்தது, அது தவசிமுத்து. அவரை நகர்ந்து நிற்கச் சொன்னால் பாயின் பனியன் தெரிந்தது. பாய் நகர்ந்தால் எழிலனின் மூக்கு. அந்தப் படத்தை மாஸ்க்குக்குள் வைத்து நகர்த்தியபோது, குடத்தின் வலப்பக்கம் உதித்த மூக்கு மெதுவாக வயிற்றைக் கடந்து இடப்பக்கம் அஸ்தமித்தது.

"இது என்ன சாமி, கிரகணமா?" என்றார் தவசிமுத்து.

அடுத்து, பாய் வீட்டிலிருந்து வெள்ளைப் படுக்கை விரிப்பை வரவழைத்து, குடத்தைச் சுற்றிக் கூடாரம் கட்டி, நடுவில் ஓட்டை போட்டு எடுத்தார்கள். இப்போது யாரும் தெரியவில்லை. குடமும் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு வழவழப்பு.

"பிளாஸ்டிக் சாமி இது," என்றார் தவசிமுத்து. "நான் பிளாஸ்டிக் விக்கவா கடை தொறக்கேன்?" அவர் முகம் கழுவக் கீழே இறங்கிப் போனார்.

பாய் எழிலன் பக்கம் சாய்ந்தார். "மாமு. அந்தக் கோட்ட அழிச்சிட்டு, கொடத்த ரிவர்ஸ்ல சுத்தவுடு. புதுசுன்னு காட்டு. அவுருக்கு இன்னா தெரியப்போவுது, அவுரு ஊட்டுல வெங்காயமே கெடயாது."

எழிலன் யோசிக்கவில்லை. டிவிமேல் உட்கார்ந்திருந்த கேட் பாஸ்தான் கண்ணில் நின்றது. வாளையின் விலாக்கோட்டை அழித்தான், குடத்தை இடமிருந்து வலமாகச் சுற்றவிட்டான். தவசிமுத்து ஈர முகத்தோடு வந்து திரை முன்னால் நின்றார்.

குடம் சுற்றியது. வெளிச்சம் அதன் தோளில் ஏறி, வயிற்றில் வழிந்து, அடியில் போய் நின்றது. தவசிமுத்து திரைக்கு இன்னும் ஓரடி கிட்டே வந்தார்.

"இதான் சாமி எவர்சில்வரு," என்றார் பிறகு. குரல் தணிந்திருந்தது. "பதினாலு வயசுல தலையில கூடைய வச்சு, இந்தத் தெருவெல்லாம் பழைய துணிக்குப் பாத்திரம் குடுத்திருக்கேன். அன்னைக்குக் கூடையில இப்படித்தான் மின்னும்." சொல்லிக்கொண்டே வலது கையால் திரையைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

பாய் கட்டைவிரலை உயர்த்தினார். அந்த விரலில் எழிலனுக்குத் தன் கார்டு தெரிந்தது. போட்டோ தெரிந்தது, சீல் தெரிந்தது. ஆனால் தவசிமுத்துவின் கண்ணிலிருந்து கை இன்னும் இறங்கவில்லை. அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பது என்ன என்பது எழிலனுக்குத் தெரியும்.

"சாமி," என்றான். "கண்ணக் கழுவிக்கினு வாங்க. அது வாளை."

தவசிமுத்து கையை இறக்கி, அதையே பார்த்தார். பிறகு பதினோரு சரணம் போதாமல் இருபத்தொன்று சொன்னார். பாய் உயர்த்திய விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் காதைக் குடைந்தார்.

"எதுக்கு சாமி சொன்னீங்க?" என்றார் தவசிமுத்து கடைசியில். "சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"காசிமோட்டுல அல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும் சாமி. உங்களுக்கு மட்டும் தெரியாம கீறது நல்லால்ல."

அந்த நேரம் பார்த்துப் படியில் ரோசி வந்தாள். இடுப்பில் கூடை, கூடையில் ஐஸ், ஐஸ்மேல் ஒரு முழு வாளை, வாலைக் கூடைக்கு வெளியே தொங்கவிட்டபடி.

"எயிலு, காட்டுறதுன்னா இத்தக் காட்டு. வெடிகாலைல வந்தது. இல்லன்னா மீனே காட்டாத," என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தவள், கறுப்பு வேட்டியைப் பார்த்ததும் கூடையோடு வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். "மன்ச்சிக்கோ சாமி. மால போட்டுகீறன்னு தெரியாது."

"பரவால்ல சாமி," என்றார் தவசிமுத்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு. "அங்கயே நில்லுங்க சாமி."

ரோசி வாசலில் நின்றபடியே விஷயத்தைக் கேட்டாள். கிரகணத்தைப் பார்த்தாள், பிளாஸ்டிக்கைப் பார்த்தாள். மீன் போனால் தன் மானம் திரும்பும் என்பதால் அவளுக்கும் இதில் அக்கறை இருந்தது.

"புதுக் கொடத்த வெச்சா மூஞ்சிதான் தெரியும். தேச்ச பாத்திரம் எதுனா கீதா?" என்றவள், மேசைமேல் இருந்த டிபன் கேரியரைக் கண்டாள். "தோ. சாமி, அந்த மூடியக் கொஞ்சம் ஜன்னலாண்ட திருப்பு. நான் தொடல, நீயே திருப்பு."

தவசிமுத்து மூடியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் மனைவி பன்னிரண்டு வருடமாகத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்த மூடி. வட்டம் வட்டமாக ஆயிரம் மெல்லிய கீறல்கள். அதில் எந்த முகமும் தெரியவில்லை. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் விசிறி விரித்த மாதிரி வெளிச்சம் மட்டும் நின்றது. மூடியைத் திருப்பினால் விசிறியும் கூடவே திரும்பியது.

எழிலன் கேமராவைத் தேடி ஓடினான்.

"திருப்பிகினே இருங்க சாமி. நிறுத்தாதீங்க. மெதுவா. மூச்ச அடக்கிக்கினு."

"வெரதத்துல மூச்சடக்குறதும் உண்டா சாமி?" என்று கேட்டபடியே தவசிமுத்து திருப்பினார். ஒன்றரை நிமிடம் ஓடியது அந்தக் காட்சி. எழிலன் அதை மாஸ்க்குக்குப் பின்னால் வைத்தான். இந்தமுறை எதையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. குடத்தின் தோளிலிருந்து வெளிச்சம் தானாகக் கிளம்பி, தானாக ஓடியது.

தவசிமுத்து திரையைத் தொடப் போய், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இது மூடிதானே சாமி?"

"உங்க மூடிதான் சாமி. உள்ள புளியோதர வாசன கூட கீது."

"நல்லாருக்கு," என்றார் தவசிமுத்து. பாய் அதைக் காதால் கேட்டார். போதாதென்று, "என்ன சொன்னீங்க சாமி?" என்று இன்னொருமுறை சொல்லவைத்தும் கேட்டார்.

ரோசி மட்டும் கிளம்பவில்லை. "அப்ப என் மீனு? ஐஸ் போட்டு, பஸ் ஏறி, கண்டக்டராண்ட பேச்சு வாங்கினு வந்துகீறேன்." அவள் மனம் கோணக் கூடாது என்று எழிலன் மொட்டைமாடிக்குப் போய், வெயிலில் அந்த வாளையையும் பத்துப் படம் எடுத்தான். புதிய வாளை பழைய வாளையை விட இரண்டு மடங்கு மின்னியது. ரோசி சொன்னது நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது.

சனிக்கிழமை நேயர் விருப்பத்தில் பழையபடி பாட்டு கேட்டார்கள். புதுப் பாத்திரக் கடையின் விளம்பரத்தில் மின்னுவது கடைக்காரர் வீட்டுப் பழைய பாத்திரம் என்று ஒருவரும் போன் செய்யவில்லை. மீன் ஏன் நின்றுவிட்டது என்று மட்டும் இரண்டு பேர் விசாரித்தார்கள்.

"கார்டுல இன்னா டிசைன் வோணுமோ நீயே பண்ணிக்கோ," என்றார் பாய். "கிராஃபிக்ஸ் நீதான."

ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறப்புக்குப் போய்விட்டுக் கையில் கற்கண்டுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்த எழிலன், அப்பாவின் முன்னால் கார்டை நீட்டினான். லேமினேஷன் போட்டது. போட்டோ இருந்தது. போட்டோவின் மேல் சீலும் இருந்தது. 'அலை டிவி' என்ற எழுத்துகள் வெள்ளியில் வார்த்த மாதிரி மின்னின.

குணசேகரன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். சீலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அது வரவில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். எழுத்துகளின் மேல் வந்ததும் கை நின்றது. அட்டையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"வாளையா?"

"ஆமா நைனா."

"எப்ப புட்ச்சது?"

"வெள்ளிக்கெயம வெடிகாலைல. ரோசிக்காது."

குணசேகரன் இன்னொருமுறை சாய்த்துப் பார்த்தார். "அப்ப நல்ல மீனுதான்," என்று சொல்லி, கார்டை மகன் கழுத்தில் மாட்டிவிட்டார். பிறகு டிவிமேல் இருந்த கேட் பாஸை எடுத்து, பாஸ் என்பது கிழிக்கக் கூடிய பொருள் அல்ல என்பதால், தன்னுடைய இருபத்தாறு வருடப் பழைய பாஸ்கள் இருந்த தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.